மல்லிகாவின் காலில் பேஸ்ட்

14 ஜூன் 1966, செவ்வாய். மழை.

இந்த நடுராத்திரியில் எழுதுவதை மன்னியுங்கள். நம் மல்லிகா இப்போதுதான் கண் அசந்தாள். வழக்கம்போல இந்த வார நாட்குறிப்புத் தாள்களும் சனிக்கிழமை போட்டில் மாயாபந்தருக்கு, நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கு.

இந்தத் தீவுக்கு மெயின்லாண்ட் கப்பல் இன்னும் வரவில்லை. வெங்காயம் இல்லை. மண்ணெண்ணெய் பாதி டின்.

ஞாயிறன்று குழந்தையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது தப்பு. இரண்டு காலிலும் மணல் ஈக் கடி. சொறிந்து சொறிந்து ரத்தம். பக்கத்து குவார்ட்டர்ஸ் ராக்கம்மா அக்கா பல் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவச் சொன்னார். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதானாம். தயங்கினேன்.

"பி.ஏ. படிச்சிட்டு, பூச்சிக்கடிக்கு சீஃப் கமிஷனர் ஆர்டர் கேக்குறியாக்கும்? தடவு பேட்டி, எம் மகளே, ஏக்தம் குளுகுளுன்னு இருக்கும்."

தடவினேன். அழுகை நின்றது.

15, புதன். புழுக்கம்.

காலை, மாலை பேஸ்ட். காய்ந்து செதில் செதிலாக நிற்கிறது. கழுவினால் கத்துகிறாள். அதன் மேலேயே இன்னொரு பூச்சு.

16, வியாழன்.

அரிசி களைந்துவிட்டுத் திரும்பினால், காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருக்கிறாள். இனிப்பு அல்லவா. கொஞ்ச நேரத்தில் வாந்தி. ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விழுங்கினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை.

அக்கா: வயிற்றில் நுரை கட்டும், உப்புத் தண்ணீர் கொடுத்து இன்னும் வாந்தி எடுக்க வை. எதிர்வீட்டு வங்காளி தீதி: பேஸ்ட் எலும்புத்தூள், விஷமில்லை, தின்றால் பாவம்தான். யாரை நம்ப? நான் படித்ததோ சரித்திரம். உப்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. பால் பவுடர் கரைத்துக் கொடுத்தேன், தங்கியது.

மறுபடி நக்காமலிருக்க உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் காலில் இறுக்கிக் கட்டினேன்.

சாயங்காலம் உடம்பு சுடுகிறது. விஷம் ஏறுகிறதோ.

17, வெள்ளி. மழை.

சாத்தம் மர மில் சங்கு ஊதுமுன்பே ஆஸ்பத்திரி. மலையாளி டாக்டர். நக்கியது, வாந்தி, பால் எல்லாம் சொன்னேன். அவர் பாட்டுக்குக் கால் கட்டை அவிழ்த்தார்.

"வாயில போனது போகட்டே. இத்திரி, கொஞ்சம் நக்கினா வயிறு மறிஞ்சு வாந்தி வரும், அவ்வளவுதான். ட்யூப் முழுசும் தின்னாத்தான் பேடி, பயப்படணும். இது என்ன, புண்ணு மேல பூசிக் கட்டி வெச்சிருக்கு?"

வெந்நீரில் ஊறவைத்து உரித்தார். இடது கணுக்காலுக்கு மேலே சீழ்க்கட்டி. காய்ச்சல் அதனால். பேஸ்ட் பல்லுக்குத்தான், புண்ணில் பட்டால் எரிச்சல், மூடிக் கட்டினால் அடியில் சீழ் கோத்துக்கொள்ளும் என்றார். சோப்பும் தண்ணீரும் போதுமாயிருந்ததாம். பென்சிலின் ஊசி.

நேற்றெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கஞ்சி கொண்டுவந்து வாசலிலேயே நின்றார். "என் பிள்ளைகளுக்கும் அதைத்தானே பூசினேன்" என்றார். கஞ்சியை வாங்கிக்கொண்டேன். உள்ளே கூப்பிடவில்லை.

18, சனி.

இன்னொரு ஊசி. காய்ச்சல் விடவில்லை. வருகிற வெள்ளிக்குள் சீழ் வடியாவிட்டால் கீறி எடுக்க வேண்டுமாம். அதற்குக் கையெழுத்து நான் போட்டுவிடுவேன். கீறும்போது அவளைப் பிடித்துக்கொள்ள என்னால் முடியாது. நீங்கள் வர முடியுமா, முடியாதா? இந்த போட் திரும்பும்போதே பதில் அனுப்புங்கள்.