தூரத்து உறவினர் வீட்டுப் பையன்

சித்தூர்
16-10-2007

அன்பு மகன் ஜாபேசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் ஷோபாவும் ஆசீரும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று தினம் காலை ஜெபத்தில் மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும் விடுவதில்லை, இன்றைக்கும் விடவில்லை.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை மகள் பிரியங்காவைத் திருப்பதி காலேஜிலேயே பெங்களூர் கம்பெனிக்காரர்கள் வந்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் ஆர்டர் கையில். அவள் தம்பி பவன்குமார் எம்செட் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். ஆசீர் அங்கே சயின்ஸ் போட்டியில் கோப்பை வாங்கினான் என்று நீ போனில் சொன்னதை சபையில் எழுந்து நின்று சொன்னேன், போதகர் ஐயர் கை தட்டச் சொன்னார். அதோடு உன் இளைய மகன் நேசன், உனக்கு மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன், இந்த ஜூலையில் அவனுக்குப் பத்து முடிந்தது, சட்டைப் பொத்தான் ஆறையும் இப்போது தானே போட்டுக்கொள்கிறான். கீழேயிருந்து மேலே போடுவான், எட்டு மாதம் ஆயிற்று பழக்க. அதையும் சேர்த்துத்தான் சபையில் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கோப்பைக்குத் தட்டின கையை இதற்கும் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நீ அனுப்பின பார்சல் வந்தது. படத்தின் சிடியும், உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து மலரும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அண்ணன் தம்பி கதை, தம்பிக்கு நம் நேசன் மாதிரி, எல்லாரும் பார்க்க வேண்டிய படம், நான் எழுதின கருத்தும் மலரில் வந்திருக்கிறது, படித்துப் பார் அம்மா என்று சொன்னாயே, எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகன் எழுதினது அச்சில் வந்தால் நான் மட்டும் தனியாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு உட்காருவேனா. போன சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுச் செல்லியம்மா, மளிகைக்கடைக் கோவர்த்தனன், சபையில் நாலைந்து வீட்டுப் பெண்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டு, சுண்டலும் டீயும் போட்டு, லீவுக்கு வந்திருந்த பிரியங்காவை முதலில் மலரைப் படிக்கச் சொன்னேன். பார்வையாளர் கருத்து என்று தலைப்பு. முதலில் ஒரு அம்மாள், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடவுள் தேர்ந்தெடுத்த பெற்றோருக்குத்தான் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறாள். கொடுத்த பிறகு அந்தப் பெற்றோர் யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவள் எழுதவில்லை. அடுத்து ஒருவர், இரண்டாம் பாதியைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்கிறார். பிறகு உன் போட்டோ, கோட்டு போட்டுக்கொண்டு. பிரியங்கா நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தாள். எங்கள் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான், அவனை நினைத்து இடைவேளையிலேயே அழுதுவிட்டேன் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். என்ன பாப்பா எழுத்து தெரியலயா என்று கோவர்த்தனன் கேட்கிறார். இவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் விடாப்பிடியாகப் படி என்றேன், படித்தாள்.

நேசன் கதவு பக்கம் குந்திக்கொண்டு டேபிள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லியம்மாதான் வாயைத் திறந்தாள், அவளுக்கு எப்போது வாய் சும்மா இருந்தது, யாருக்கா அந்தத் தூரத்து சொந்தம், நம்ம ஊர்ல நேசன வுட்டா வேற யாரும் அப்படி இல்லியே, உம்புள்ள பொண்டாட்டி வழியில யாராச்சும் கீறாங்களா என்று கேட்டாள். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. அச்சுப் பிழைடி, நெருங்கின உறவுன்னு எழுதியிருப்பான், அமெரிக்காக்காரனுங்க மாத்திப் போட்டுட்டானுங்க என்றேன். அறுபத்தெட்டு வயதில், பைபிள் பக்கத்தில் இருக்க, உனக்காக ஒரு பொய். செல்லியம்மா சுண்டலை மென்றுகொண்டே, அவ்ளோ பெரிய ஊர்லயும் அச்சு சரியா போடத் தெரியலியா என்றாள். என் மானம் அந்தச் சுண்டலோடு போயிற்று ஜாபேசு.

சரி, படம் போடு என்றேன். படத்தைப் பற்றியும் சொல்கிறேன், நீ மட்டும்தான் கருத்து எழுத வேண்டுமா. அந்தத் தம்பிப் பையன் எந்த வருஷம் எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்கிறான், பெரிய பெரிய கணக்கை நொடியில் போடுகிறான். அதனால்தான் அண்ணனுக்கு அவன்மேல் பாசம் வருகிறது. கணக்குப் போடாத பிள்ளை என்றால் அண்ணன் என்ன செய்திருப்பான் என்று படம் எடுத்தவருக்குத் தெரியாது போலிருக்கிறது. இதன் பலன் என்ன தெரியுமா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெருவில் போகிறவர்கள் எல்லாம் நேசனை நிறுத்தி, டேய் எங்க பாப்பா பொறந்த தேதி சொல்றேன், கெழம சொல்றா என்கிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். கோவர்த்தனன் நல்ல மனுஷர்தான், அவரே, எழுபத்தாற எட்டால பெருக்குடா ராஜா என்கிறார். அவருக்கே அது தெரியாது, பேப்பரில் போட்டுத்தான் பார்த்தார்.

படத்தின் கடைசியில் அந்தப் பையன் ஒரு திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போகிறான். அண்ணன் மழையில் கத்திக்கொண்டே ஓடுகிறான். எல்லாரும் அழுதோம். செல்லியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன், உன் கட்டுரைமேல் இருந்த ஆத்திரம்கூட மறந்துபோய் அழுதேன். அண்ணன் தம்பியைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டதும் பெண்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். டிவியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, நேசன் இல்லை.

எட்டு வருஷமாக நான் மேல் தாழ்ப்பாள் போடாமல் இந்த வீட்டில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு ஆள் வருகிறதும் போகிறதுமாக இருந்ததில் போடவில்லை. பன்னிரண்டு பேர் இருந்தோம். படத்தில் சத்தம் அதிகமானதும் பிள்ளை எழுந்து காதைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறான், ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் டிவியில் காணாமல் போன பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தோம். எந்நேரம் போனான் என்றுகூட யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று நான் எழுத மாட்டேன். ஏரிக்கரைக்கு ஆள் போனது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு போன் வந்தது. திருவேங்கடம் என்று பஸ் கண்டக்டர், சந்திரகிரியிலிருந்து பேசினார். மாதம் இரண்டு தடவை நேசனைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் தானே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நாங்கள் எப்போதும் உட்காருகிற டிரைவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். யாரோ பெரியவர்களோடு வந்த பிள்ளை என்று அவரும் விட்டுவிட்டாராம், கூட்டம் இறங்கின பிறகுதான் தனியாக இருப்பது தெரிந்திருக்கிறது. எவரி பாபுன்னு தெலுங்குல கேட்டேன், யாரு புள்ளன்னு தமிழ்ல கேட்டேன், வாயத் தொறக்கலம்மா, சட்டக் காலர கடிச்சிகினே இருந்தான், வாயிலருந்து எடுத்து வுட்டா உள்ள செவப்பு நூல்ல நெம்பர் தச்சி கீது, அதப் பார்த்துத்தான் போன் பண்றேன், புள்ள நல்லா கீறான், பயப்படாத வா என்றார். அவன் சட்டை எல்லாவற்றிலும் காலர் உள்பக்கம் நம் வீட்டு நம்பரை நான் தைத்து வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாது, நீ கேட்டதில்லை. கோவர்த்தனன் வேனில் போய் அழைத்து வந்தோம். என்னைப் பார்த்து அவன் அழவுமில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவுமில்லை. என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். உன் படத்தில் அது இல்லை.

என்மேல் எனக்கே கோபம், அது என் பாடு, நான் சுமந்துகொள்கிறேன். உன்மேல் இருக்கிற கோபத்தை இங்கே எழுதுகிறேன். தொண்ணூற்றொன்பதில் நீங்கள் போகும்போது அவனுக்கு இரண்டு வயது, பேச்சு வரவில்லை, ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றாய். பிறகு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார், பிறகு இன்சூரன்ஸ் என்றாய், ஸ்கூல் என்றாய், கிரீன் கார்டு என்றாய். நான் ஒரு நாளும் கேட்கவில்லை, அவனை வளர்ப்பது எனக்குப் பாரம் என்று யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஷோபாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் போன் செய்து, ரிசீவரை அவன் காதில் வைக்கச் சொல்லி, அவன் மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்து நீ அந்த வரியை எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா, அதையாவது எனக்குச் சொல். உன் சிநேகிதர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நீ ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு இப்போது புரிந்துவிட்டது. உன் நைனா ஜீவரத்தினம் போலியோ கால் உள்ள தன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு மிஷன் பள்ளிக்கூடம் போனவர், எந்த மலரிலும் அதைப் பற்றி எழுதவில்லை.

டிசம்பரில் நீயும் ஷோபாவும் வருகிறீர்கள், ஆசீருக்குக் கோச்சிங் இருப்பதால் அங்கேயே நண்பர் வீட்டில் விடுகிறோம் என்றாய். போன தடவையும் கேம்ப் என்று விட்டுவிட்டு வந்தீர்கள். இந்தத் தடவை ஆசீர் வராமல் நீங்கள் வர வேண்டாம். பதினாலு வயதுப் பையன், ஒரு கோப்பை குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. நான் இல்லாத காலத்தில் அவன்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவன் தலையில் நான் எதையும் கட்டப் போவதில்லை. மூன்று வாரம் வந்து இந்த வீட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவன் எப்படித் தின்கிறான், எதற்குக் காதைப் பொத்துகிறான், எப்போது சிரிக்கிறான் என்று பார்க்கட்டும். பிறகு நேசன் உனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டால் ஆசீரே சொல்லிக்கொள்ளட்டும், நீ எழுதிக்கொடுக்க வேண்டாம்.

சளி காலத்தில் ஆசீருக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று ஷோபாவிடம் சொல். நீ கார் ஓட்டும்போது போன் பேசுகிறாய் என்று அவள் சொன்னாள், விட்டுவிடு. கோபத்தில் எழுதினேனே தவிர உங்களைத் தள்ளி எழுதவில்லை. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக.

ஒன்று மறக்காதே. இங்கே நேசனுக்குப் புது டீச்சர் வருமுன் பத்து நாள் அந்த அம்மாவின் போட்டோவை அலமாரியில் ஒட்டி வைத்தோம், வந்த அன்றைக்குப் பயப்படாமல் போய்த் தொட்டுப் பார்த்தான். ஆசீரின் போட்டோ என்னிடம் இருப்பது ஆறு வயதில், முன்பல் விழுந்தபோது எடுத்தது. அதைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை அந்தப் பல்லில்லாத பையனைத்தான் எதிர்பார்ப்பான். அதனால் ஆசீரைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து இந்த வாரமே தபாலில் போடு. முகம் பெரிதாக வேண்டும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். முடியை நெற்றியில் விழாமல் சீவச் சொல், நேசன் யாரையும் முதலில் நெற்றியில்தான் தொடுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜீ. ஞானசௌந்தரி