பதினான்கு கிலோ

பிப்ரவரி 3

அன்புள்ள பூசணிக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். சொல்ல வந்தது மட்டும் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்துக் கிடக்கிறேன். இடது கையில் ஊசி போடும் இடம் மறுபடி அடைத்துக்கொண்டது. இனி வலது கைதான் பாக்கி. "ரொம்ப நாள் இப்படியே தள்ள முடியாதும்மா, சீக்கிரம் கிட்னி மாத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அத்தானின் இரத்தம் சேரவில்லை. உன்னுடையதுதான் சேருகிறது. ஆனால் தொண்ணூற்றெட்டு கிலோ ஆளின் மேல் கத்தி வைக்க மாட்டார்களாம். எண்பத்துநாலுக்கு வரட்டும், பிரஷரும் இறங்கட்டும், ஜூன் பத்தாம் தேதி மறுபடி சோதிக்கலாம் என்கிறார்.

பதினான்கு கிலோடா தம்பி! துணிக்கடை வேலையில் நாள் முழுக்க நின்ற காலத்தில் எனக்குத் தலை சுற்றும். ஐந்து வருடம் பிரஷரைப் பார்க்காமலே விட்டேன். அந்த அலட்சியம்தான் என்னைப் படுக்க வைத்திருக்கிறது. நீயாவது கேள். உப்பைக் குறை. தினம் ஒரு மணி நேரம் நட. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து எழுது. என் பெண்ணுக்கு, உன் மருமகளுக்கு, ஒன்பது வயசு. அவளுக்கு இன்னும் தலைகூடத் தானாகப் பின்னத் தெரியாது.

உன் அக்கா

பிப்ரவரி 23

அக்காவுக்கு,

தொண்ணூற்றைந்தரை. கைதட்டு.

சிப்ஸ் கம்பெனியில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். அரை மணிக்கு ஒருதரம் சிப்ஸ் ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஒரு கை அள்ளி, உப்பு சரியா என்று தின்று பார்க்க வேண்டும். பதினோரு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தின்றேன். போன வாரம் சூப்பர்வைசரிடம் போய், "என்னை லோடிங்குக்கு மாத்துங்க சார்" என்றேன். "உட்கார்ந்து திங்கிற வேலையை விட்டுட்டு பெட்டி தூக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

முதல் வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டபோது தட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இப்போது பழகிவிட்டது. ஒரே தொல்லை வலது முட்டிதான். படி ஏறினால் உயிர் போகிறது. இரண்டு நாளாக நடக்கப் போகவில்லை. திட்டாதே.

உன் பூசணி

மார்ச் 2

தம்பிக்கு,

திட்டாதே என்றால் சும்மா இருப்பேனா? இரண்டு நாள் நடக்கவில்லையாம்! எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று யோசித்தாயா?

மருந்துக் கடையில் வலி மாத்திரைக்கா பஞ்சம்? போட்டுக்கொண்டு நட. போன வாரம் தலைவலிக்கு நான் அதைக் கேட்டபோது நர்ஸ், "ஐயய்யோ, உங்களை மாதிரி கிட்னி கெட்டவங்க அதைத் தொடவே கூடாதுக்கா" என்றாள். அது என்னைப் போன்ற சீக்காளிக்கு. உன் கிட்னிதான் கல்லு மாதிரி இருக்கிறதே, உனக்கு என்ன ஆகப்போகிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா. எதிர்க் கட்டிலில் ஒரு டீச்சர் படுத்திருப்பார், உனக்குச் சொல்லியிருக்கிறேன். நேற்று அந்தக் கட்டில் காலி.

அக்கா

மே 4

அக்காவுக்கு,

எண்பத்தேழு!

நல்ல வேளை, மாத்திரையைச் சொன்னாய். எழுந்ததும் ஒன்று, பெட்டி தூக்குமுன் ஒன்று, நடக்குமுன் ஒன்று. இரண்டு மாதமாக ஒருநாள்கூடத் தவறவில்லை. என் தலையைக் கண்டதுமே மருந்துக் கடைக்காரர் அட்டையை எடுத்து வைத்துவிடுகிறார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருக்கிறேன். "பூசணி புடலங்காயா ஆயிட்டான்டா" என்று லோடிங்கில் ஒரே கேலி.

இன்னும் மூன்றே கிலோ. பல்லைக் கடித்துக்கொண்டு இரு அக்கா. என் மருமகளிடம் சொல், அம்மாவுக்கு மாமா இருக்கிறேன் என்று.

உன் பூசணி

ஜூன் 14

அக்கா,

என்னை மன்னித்துவிடு. என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசி இரண்டு வாரம் வாயைக் கட்ட முடியவில்லை. பெல்ட் பக்கம் போய் அள்ளி அள்ளித் தின்றேன். எடை ஏறிவிட்டது, பிரஷரும் ஏறிவிட்டது. நாக்கை அடக்கத் தெரியாதவனைப் போய் நம்பினாயே. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஏறிவிட்டேன். கிட்னிக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் உன் பேர் இருக்கிறதே, வேறு யாராவது கிடைப்பார்கள்.

தம்பி

ஜூன் 21

என் பூசணிக்கு,

உனக்குப் பொய் சொல்ல எந்தக் காலத்திலும் வராது. சின்ன வயசில் சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு, உதடெல்லாம் சர்க்கரையோடு நின்று, "எறும்பு தின்னுடுச்சு" என்றவன் நீ.

நேற்று நர்ஸ் கேட்டாள். "உங்க தம்பி வலி மாத்திரை நிறைய போடுவாராக்கா? எடை எண்பத்துமூணரைக்கு வந்துட்டாரு, பிரஷரும் நல்லா இருக்கு. ஆனா கிட்னியில அடி விழுந்திருக்கு. மாசக்கணக்கா தினம் போட்டா நல்ல கிட்னியும் தாங்காது." மாத்திரையை நிறுத்தினால் உனக்குத் தேறிவிடுமாம். ஆனால் ஒருமுறை அடிபட்டதால் இனி உன்னிடமிருந்து எதையும் எடுக்க மாட்டார்கள்.

அந்த மார்ச் மாதக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போடு. நான்தானே சொன்னேன்? எனக்கு இருந்த ஒரே வழியை நானே அடைத்தேன், உன் உடம்பையும் கெடுத்தேன். அது எனக்குத் தெரியக்கூடாது என்று பழியை உன் நாக்கின்மேல் போட்டுக்கொண்டாய். வாய்விட்டு அழுதேனடா. உன் மருமகள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

வலது கையும் அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். பட்டியல் எவ்வளவு நீளம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இத்தனை நாள் உன்னிடம் ஒரு கிட்னி கேட்டேன். இப்போது கேட்பது வேறு. இரண்டையும் நீயே வைத்துக்கொள், கெடாமல் வைத்துக்கொள். இனி அந்த மாத்திரையைக் கையால் தொடாதே. முட்டி வலித்தால் உட்கார், டாக்டரிடம் காட்டு. அந்த உப்பு பார்க்கிற வேலைக்குத் திரும்பாதே. மாதம் ஒருமுறை பிரஷர் பார். இந்தக் கட்டிலில் நான் படுத்தது போதும், நம் வீட்டிலிருந்து இன்னொருவர் வர வேண்டாம். என் பெண்ணுக்கு மாமா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்து எப்போதும்போல எழுது. பதில் வராத வாரமும் எழுது. உன் மருமகள் பிரித்துப் படிப்பாள்.

உன் அக்கா