மகோகனிக்கு எதிர் பெஞ்சு

ஜூன் 7, சனி

வாண்டின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்பக் கோர்ட் ஆலோசகர் சொன்னதால் எழுதுகிறேன். உறையை ஒட்டி வாண்டின் பையில் வைத்திருக்கிறேன். நாங்கள் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தாவரவியல் பூங்காவில் இரண்டாயிரம் வகைச் செடிகொடி இருப்பதாக வாசலில் எழுதியிருக்கிறது. போன ஞாயிறு என்ன பார்த்தாய் என்று கேட்டால், மகோகனி, நாகலிங்கம், தங்க மூங்கில், விசிறி வாழை என்கிறாள். அதற்கு முந்தைய ஞாயிறும் அதே நான்கு. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். கண்ணாடி வீட்டுக்குப் போகவில்லையா என்றேன். "அது பூட்டியிருந்துச்சும்மா." எங்கள் ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ் அன்றைக்குத்தான் அங்கே போட்டோ எடுத்து வந்தார்.

எட்டு வயதுப் பிள்ளை யாருக்காகப் பொய் சொல்கிறாள்? வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பதே ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இரண்டு மணி நேரம். அதிலும் குடித்துவிட்டு ஒரே இடத்தில் கிடக்கிறீர்களா? மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆலோசகரிடம் போவேன். ஞாயிறு நின்றுவிடும்.

வாண்டின் அம்மா

ஜூன் 14, சனி

வாண்டின் அம்மாவுக்கு,

குடிக்கவில்லை. விட்டுப் பதினொரு மாதம். சந்தேகமென்றால் வந்து ஊதச் சொல்லிப் பார்.

தூங்கினேன். சனி இரவு ஷிப்ட் காலை ஏழுக்கு முடிய வேண்டும். மாற்று ஆள் வராவிட்டால் ஒன்பது வரை பாட்டில் மூடி மெஷினை விட்டு நகர முடியாது. அங்கிருந்து இரண்டு பஸ். லீவு கேட்டால் சூபர்வைசர் சொல்கிறார்: "உனக்கு மட்டுந்தான் புள்ள இருக்கா? கேட்டுக்கு வெளிய பாரு, பத்து பேரு நிக்கிறான்."

அந்தப் பூங்கா மட்டும் என்ன யோக்கியம்? ஆள் படுத்துவிடக் கூடாதென்று பெஞ்சு நடுவில் இரும்புக் கம்பி. பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தில் பேப்பரைப் போட்டுக் குறட்டை விடுகிறார், காவலாளிக்குக் கேட்காது. என் ஆலைச் சட்டையைக் கண்டால் விசில் ஊதுகிறான்.

பத்து நிமிடம் கண்ணசந்திருப்பேன். அவள் பக்கத்திலேயே விளையாடுகிறாள். துரும்பைத் தூணாக்காதே.

வாண்டின் அப்பா

ஜூன் 22, ஞாயிறு

வாண்டின் அப்பாவுக்கு,

அடுத்த ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் தபாலில் போடுகிறேன்.

இன்று அவளை வாசலில் விட்ட பிறகு நான் போகவில்லை. டிக்கெட் எடுத்து உள்ளே வந்து மூங்கிலுக்குப் பின்னால் நின்றேன். மகோகனிக்கு எதிர் பெஞ்சில் இருந்தீர்கள்; அங்கிருந்து தெரிவது அவள் ஒப்பிக்கும் அந்த நான்கும்தான். வெட்கக்கேடுதான். பத்து நிமிடம் இல்லை, ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கினீர்கள்.

அவள் விளையாடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்கள் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். வெயில் நகர நகர, பூங்கா வரைபடத்தை உங்கள் முகத்துக்கு நேரே நகர்த்தினாள். காவலாளி வந்தபோது, "அப்பா, வர்றாரு வர்றாரு" என்று உலுக்கினாள். நீங்கள் அசையவில்லை. எழுந்து ஓடி அவரிடம், "அங்கிள், எங்கப்பாவுக்குக் காய்ச்சல். ஊதாதீங்க" என்றாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுப்பி, குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தாள்.

வாசலில் என்னிடம், "இன்னைக்குக் கண்ணாடி வீடு பார்த்தோம்மா" என்றாள்.

குடித்திருந்தால் எனக்குச் சுலபம், திட்டியிருப்பேன். வார்டில் நோயாளிக்குத் துணையிருக்கும் பெரியவர்களே நடுவில் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இவள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள். வெள்ளி வரை யாரிடமும் போக மாட்டேன்.

வாண்டின் அம்மா

ஜூன் 26, வியாழன்

வாண்டின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை கேன்டீனில் படித்துவிட்டு நேரே சூபர்வைசரிடம் போனேன். சத்தம் போட்டேன். எல்லாரும் மெஷினிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார்கள். கடைசியில், "மாசத்துல ஒரு சனிக்கிழமை உன்ன நைட்டு போடல. அதுக்கு மேல பேசினா வேற வேல பாத்துக்க" என்றார். பார்த்திருப்பேன். வேலையில்லாதவனிடம் எந்தக் கோர்ட் பிள்ளையை விடும்? அது அவருக்கும் தெரியும்.

ஆலோசகரிடம் நீ போக வேண்டாம். இன்று நானே போய் மாதம் ஒரு ஞாயிறு போதுமென்று எழுதிக்கொடுத்துவிட்டேன். காரணத்துக்குப் படிவத்தில் ஒரே வரி. "சொந்த விருப்பம்னு போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார் குமாஸ்தா. போட்டேன்.

மற்ற ஞாயிறுகளில் அவள் கேட்டால் வெளியூர் அது இது என்று கதை கட்டாதே. அப்பா ரூமில் தூங்குகிறார் என்று சொல். காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்.

வாண்டின் அப்பா