பதினான்காம் பகுதியில் கைதட்டினோம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டில். மூன்று ஜாக்கெட், மச்சானின் (என் வீட்டுக்காரர்தான்) வேட்டி ஒன்று மீட்பு.

கல்லூரியில் கொரியப் பண்பாட்டு வகுப்பு, மூன்றாவது வாரம். பாட்டு, நாடகம், சினிமா வழியாக. வரலாற்றுக்காரியான என் தலையில் இது எப்படி விழுந்தது? மதிய இடைவேளையில் போனில் கொரிய நாடகம் பார்த்து மூக்கைச் சிந்தியதைத் துறைத்தலைவி பார்த்துவிட்டாள். தகுதி அவ்வளவுதான்.

இன்று பாட்டு. அத்தனை பிள்ளைகளும் கொரிய மொழியில் வரி பிசகாமல் பாடுகிறார்கள். ஆத்தாடி! பாண்டிய மன்னர் நாலு பேர் பெயர் கேட்டால் திருதிருவென்று முழிக்கிற கூட்டம் இது. என் மகள் தேன்மொழியும் அதில்தான், கடைசி பெஞ்சு. வகுப்பில் நான் அவளுக்கு 'மேம்'. ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

'நம்மைப் போலவே' பட்டியல், இதுவரை:
1. செருப்பு வாசலோடு சரி.
2. பார்த்ததும் "சாப்டியா?"
3. பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால்.
4. வயது கேட்டு, முறை பார்த்துத்தான் கூப்பிடுவது.
5. செத்தவர்களுக்குப் படையல்.
6. மாமியார்.

இனி என்ன வேண்டும்? திருமங்கலத்தைத் தாண்டினால் கொரியாதான்.

புதன்கிழமைக்கு நாடகம். தேனு சொன்ன தொடர். "பதினாலாவது பகுதியப் போடுங்கம்மா, கண்டிப்பாப் போடுங்க" என்று நாலு முறை சொல்லிவிட்டாள். பரவாயில்லை, படிப்பில் அக்கறை.

மறக்காமல்: பத்திரிகை வாசகம். சனிக்கிழமை டி. கல்லுப்பட்டி போய்ப் பாண்டியிடம் காட்ட. ஆவணிக் கடைசியில் தேனுவுக்கும் என் கடைசித் தம்பி பாண்டிக்கும் கல்யாணம். பெண்ணின் அம்மாவும் நான், மாப்பிள்ளையின் அக்காவும் நான். மேடையில் எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் ஒரே குழப்பம்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

பதினான்காம் பகுதி. முதலில் கதைச் சுருக்கம் சொன்னேன். அவனும் அவளும் பதின்மூன்று பகுதியாக ஒரே குடையில் நடக்கிறார்கள், கை கூடத் தொடவில்லை. இன்று உண்மை தெரிகிறது. சின்ன வயதில் தொலைந்துபோன அவன் அக்காவின் மகள்தான் அவள்.

வகுப்பே கைதட்டியது! விசில் வேறு. நானும் தட்டினேன். நல்லாத் தட்டினேன்.

"அப்பாடா, முறைதான் மேம்!" என்றாள் முன் பெஞ்சு முத்துச்செல்வி. "தாய்மாமன்! இனி எவன் தடுக்கிறது? நேரா மண்டபந்தான்."

திரையில் இருவரும் எழவு வீட்டில் போல அழுகிறார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தோம். பார்த்தால், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போகிறாள்! ஏன்? ஒருத்திக்கும் புரியவில்லை. பாடம் நடத்துகிற எனக்கும்தான்.

தேனு மட்டும் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தாள். தூக்கம். அந்தப் போனை முதலில் பிடுங்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கொரியாவிலிருந்து வாரம் ஒரு முறை வீடியோவில் வரும் ஹானா டீச்சரிடம் கேட்டே விட்டேன். ஏன் பிரிந்தார்கள்?

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அப்புறம் நிதானமாக: அங்கே தாய்மாமன் என்ன, அத்தை மகன், மாமன் மகள்கூடக் கிடையாது. எட்டாம் சொந்தம் வரை சட்டமே விடாது.

எட்டா! எட்டாம் சொந்தத்தை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

முத்துச்செல்வி விடவில்லை. போர்டில் கோடு போட்டு விளக்கினாள். சித்தப்பா மகன் அண்ணன், ஆகாது. மாமன் மகன் முறை, ஆகும். "எங்க மேமே அத்தை மகனைத்தான் கட்டியிருக்காங்க!"

ஹானா டீச்சரின் கை வாயைப் பொத்தியது. உடனே எடுத்துவிட்டு, தலை குனிந்து, மன்னிப்பும் கேட்டார். ஆனால் பார்த்துவிட்டேனே. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என்னமோ நான் கொலை செய்த மாதிரி! திரும்பினேன். கடைசி பெஞ்சில் தேனு இல்லை. எப்போது வெளியே போனாள்?

சாயங்காலம் மச்சானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மாமன் மகளைக் கட்டாம அந்த ஊருல வேற யாரைத்தான் கட்டுவாய்ங்க?"

தேனு தட்டை நகர்த்தி வைத்தாள். "அவ எதுக்கு அழுதான்னு எனக்குப் புரிஞ்சுதும்மா." எழுந்து போய்விட்டாள். தோசை பாதி அப்படியே.

இப்போது ஒன்று உறைக்கிறது. தை மாத நிச்சயத்திலிருந்து பாண்டியை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்கு முன் நாள் முழுக்க 'மாமா, மாமா'தான். வெட்கம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

டி. கல்லுப்பட்டி. பஸ்ஸில் நின்றபடியே. பாண்டியின் பெயிண்ட் கடையில் ஆள் இல்லை. கல்லாவில் போனை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே நாடகம்! தமிழ்க் குரலில்!

"அடப்பாவி, நீயுமாடா?" என்று சிரித்தேன். "புதன்கிழமை என்னாச்சு தெரியுமா, எல்லாரும் கை..."

"தெரியும்க்கா. நீ கைதட்டுனியாமே. தேனு போன்ல சொல்லி அம்புட்டு அழுகை."

கையிலிருந்த வாசகத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

"காதுகுத்துல அவள என் மடியிலதானக்கா உக்கார வச்ச? எனக்குப் பத்து வயசு. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு வீல்னு கத்துனா. அந்தப் பிள்ளைக்கு எப்படிக்கா தாலி கட்டுவேன்?"

"ஏழு மாசமா வாயில என்னடா வச்சிருந்த?"

"உன் ஆசைக்கா. நீ சந்தோசமாத் திரிஞ்ச. அவளும் அதேதான் சொன்னா. நிச்சயத்தன்னிக்கே மாடியில பேசினோம். உங்கிட்ட யாரு சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் தைரியமில்ல. அப்புறம் அவதான், 'அம்மா நாடகம்னா உருகுவாங்க, இதப் பாத்தா புரிஞ்சுக்குவாங்க'ன்னா."

அதற்குத்தான் பதினான்காவது பகுதி. அதற்குத்தான் நாலு முறை சொன்னாள். நான் கைதட்டினேன்.

திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தது. வீடு இருக்கிற திருநகரில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். என் மச்சானை நான் ஆசைப்பட்டுத்தான் கட்டினேன். எனக்கு இனித்தது என் பிள்ளைக்கும் இனிக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டேனா? ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம்.

தேனுவிடம் சொன்னேன். "வேண்டாம்னா வேண்டாம். நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அழுவீங்கம்மா." அவள்தான் அழுதாள்.

மச்சான் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்ல?" நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று தெரியாது.

அச்சகத்துக்குப் போன். மண்டபத்துக்குப் போன். பட்டுப்புடவை? கடையில் கேட்க வேண்டும்.

பதினொரு மணிக்கு வாசலில் பைக் சத்தம். பாண்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நான் அடுப்படியை விட்டு வரவில்லை, எந்த முகத்தோடு வருவது? தேனு கேட்டுக்கு ஓடினாள்.

"மாமா! வெறுங்கையோடவா வந்த?"

தை மாதத்துக்கு அப்புறம் இன்றுதான் அந்தச் சத்தம் இந்த வீட்டில்.