காப்பு கட்டியாச்சு, காலி பண்ண மாட்டேன்

8 ஜூலை 2025, செவ்வாய்

ஆடித் தள்ளுபடிக்குச் சேலைகளில் விலைச்சீட்டு ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஆடி வந்தால் சாப்பிடவே நேரம் இருக்காது. இந்த நேரம் பார்த்துத்தான் மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனர் ராஜாங்கம் அண்ணன் மாடிப்படியில் நின்று வழிமறித்தார்.

"அக்ரிமெண்ட் இந்த மாசத்தோட முடியுது மணிமொழி. புதுசு போடறதா இல்ல. முப்பத்தொண்ணாந் தேதி சாவிய குடுத்துடு."

"இன்னா தப்பு பண்ணோம்ணே?"

"வூடா, சத்திரமா இது? மலையிலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எறங்கிக்கினே இருக்கீங்க. இப்ப அந்தப் பொண்ணு வேற வயித்தத் தள்ளிக்கினு வந்து குந்திக்கினு கீது. அம்மன் திருவிழா நேரம். தீட்டு கீட்டுன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பொண்ணு என்றால் பொன்னாயி. என் தம்பி கரியனின் மனைவி. ஒன்பதாவது மாதம். போன வாரம்தான் மலையில் எங்கள் ஊர் கரியாலூரிலிருந்து கூட்டி வந்தேன்.

தீட்டு பங்காளிகளுக்குத்தானே? வாடகைக்கு விட்டவர் வீட்டுக்கு மாடிப்படி ஏறியா போகும்? இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். அங்கே வாயில் வராதது இங்கே எழுதும்போது மட்டும் வருகிறது!

9 ஜூலை

ஆமாம், மலையிலிருந்து வருவார்கள்தான். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இங்கே கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. கடைசி பஸ்ஸை விட்டவர்கள் எங்கே போவார்கள்? பஸ் ஸ்டாண்டிலா படுப்பார்கள்? நான் இங்கே இருக்கிற வரைக்கும் படுக்க மாட்டார்கள்.

பொன்னாயிக்குத் தலைப்பிரசவ வலி மலையில்தான் எடுத்தது. பாதை இறங்குவதற்குள் வண்டியிலேயே பிறந்துவிட்டது. அடிவாரத்தில் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு மூச்சு இல்லை. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்கு அடுத்த தெருதான் ஆஸ்பத்திரி. பிள்ளை பிறக்காமல் நான் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டேன்.

கேரளா எஸ்டேட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "நீயே பாத்துக்க" என்றார். அதைச் சொல்ல ஒரு புருஷன்.

11 ஜூலை, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் கோர்ட்டுப் பக்கம் ஓடினேன். வக்கீல் எழில்மதி எங்கள் கடைக்கு வருகிறவர். இருக்கிற சேலையை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றுமே வாங்காமல் போவார். ஆனால் என் வாடகைப் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"காலி பண்ணணும்னா ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு இதுலயே போட்ருக்கு. வாயால சொன்னதெல்லாம் நோட்டீஸ் இல்ல. தேதி முடிஞ்சிடுச்சின்னு ஒடனே புடிச்சி வெளிய தள்ளவும் முடியாது. நீ வாடகைய தவறாம பேங்க்ல போட்டுக்கினு இரு. தண்ணி, கரண்ட்ட நிறுத்துனா என்னாண்ட வா. அது சட்டப்படி தப்பு."

திரும்பி வந்து ஒரே அம்மாவுக்கு மூன்று பட்டு விற்றேன். குரலே மாறியிருந்தது போல.

13 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்! "எழுதிக் குடுங்கண்ணே. குடுத்த தேதியிலேர்ந்து ரெண்டு மாசம். அன்னைக்கி நானே பூட்டி சாவிய தரேன்."

"எனக்கே சட்டமா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துதாண்ணே எழுதனது."

விருட்டென்று மாடிக்குப் போய்விட்டார். எழுதித் தர மாட்டார். தந்தால் திருவிழா முடிந்தும் நான் இங்கேதான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

21 ஜூலை

குழாயில் தண்ணீர் இல்லை. அண்ணனைக் கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்கிறார். ரிப்பேரான மோட்டார் மாடிக்கு மட்டும் எப்படித் தண்ணீர் ஏற்றுகிறது?

தெருக்குழாயில் பிடித்து வந்தேன். பொன்னாயி குடத்தைத் தூக்க வந்தாள். கத்திவிட்டேன். "என்னாலதான அண்ணி இவ்ளோ பாடு. நான் மலைக்கே போயிடறன்" என்று அழுதாள். போ, போயி வண்டியிலயே பெத்துக்க — சொல்லிவிட்டேன். ஐயோ. என்ன வார்த்தை அது! அவர் மேல் இருக்கிற ஆத்திரத்தை இவள் மேல் கொட்டுவேனா? சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துவிட்டேன்.

22 ஜூலை

எழில்மதி வக்கீல் ராஜாங்கம் அண்ணனுக்குப் போன் செய்து பேசினார். சோறு வடிப்பதற்குள் மோட்டார் சரியாகிவிட்டது.

28 ஜூலை, திங்கள்

திருவிழா வரி வசூலிக்கக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"கீழ் வூடு காலின்னு தலைவர் சொன்னாரேம்மா?"

தலைவர் வேறு யாரு, ராஜாங்கம் அண்ணன்தான். நான் உள்ளே உயிரோடு இருக்கும்போதே காலியாம்!

"காலி வூட்லயா நான் சோறாக்கிக்கினு இருக்கேன்? எழுதுங்க எங்க வரிய."

பணத்தை வாங்கி எழுதிக்கொண்டார்கள்.

1 ஆகஸ்ட், வெள்ளி

அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். மைக்கில் தலைவர் குரல்தான். "காப்பு கட்டியாச்சு. வரி குடுத்த குடும்பத்துக்காரங்க திருவிழா முடியற வரைக்கும் வெளிய ராத்தங்கக் கூடாது. எங்க போனாலும் பொழுதோட வூடு வந்து சேந்துடணும்."

சாவி கொடுக்க வேண்டிய நாள் நேற்று. இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு கடைக்குப் போனேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் கமிட்டிக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பத்துப் பேர் பார்த்தால் வெட்கப்பட்டுப் போய்விடுவேன் என்று நினைப்பு. கல்யாண கும்பலுக்கே சேலை காட்டுகிறவள் நான்.

"தேதி முடிஞ்சிடுச்சி. இன்னைக்கி சாமான எடுத்துடு."

"எடுத்துக்கினு எங்கண்ணே போறது? காப்பு கட்டியாச்சே. வரி குடுத்தவங்க வெளிய ராத்தங்கக் கூடாதுன்னு மைக்குல சொன்னது யாரு?"

ஒருத்தர் பக்கென்று சிரித்துவிட்டார். இன்னொரு பெரியவர், "அந்தம்மா சொல்றது நாயந்தான தலைவரே. காப்புக்கு அப்பறம் ஒரு குடும்பத்த வெளிய அனுப்புனா தெருவுக்கு ஆவாது" என்றார். அண்ணன் அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

நான் சாமிக்குப் பயந்தவளா? பாதிதான். அவர் முழுசாகப் பயந்தவர். கதவைச் சாத்திவிட்டு அப்படிச் சிரித்தேன். "சிரிக்க வெக்காத அண்ணி, புள்ள எறங்கிடும்" என்றாள் பொன்னாயி.

6 ஆகஸ்ட், புதன். ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று சாயங்காலம் வலி எடுத்தது. பொன்னாயியை ஆட்டோவில் ஏற்றும்போது அண்ணன் படியில் வந்து நின்றார்.

"காப்பு கட்டனா ராத்தங்கக் கூடாதுன்னு அன்னைக்கி அவ்ளோ பேசன. இப்ப?"

நான் பேசினதை எனக்கே திருப்பிப் போட்டார். நானும் விடவில்லை.

"தங்கத்தான் போறேன். அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க கேக்காதீங்க."

அப்போது தங்கமணி அக்கா இறங்கி வந்தார். அண்ணனின் மனைவி. இந்தச் சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் பழைய நூல் சேலை. பொன்னாயி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீ எங்க போற?"

"பிரசவத்துக்கு. காப்பு எனக்குந்தான். கேக்கறதுன்னா என்னையும் சேத்துக் கேளுங்க."

விடிய விடிய எங்களோடு இருந்தார். வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து பொன்னாயி கத்தும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெண் குழந்தை. அழுதது. அந்தச் சத்தம் — முடியவில்லை, அப்புறம் எழுதுகிறேன்.

கரியன் முதல் பஸ்ஸுக்கு வந்து, குழந்தையைத் தொடப் பயந்து நிற்கிறான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

திருவிழா முடிந்தது. நல்ல மழை. அம்மனுக்கு எங்கள் மேல் ஒன்றும் கோபம் இல்லை போலிருக்கிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ராஜாங்கம் அண்ணன் புதுப் பத்திரத்தோடு இறங்கி வந்தார். பின்னால் தங்கமணி அக்கா. பதினொரு மாதம். வாடகை கொஞ்சம் கூட. சரி என்றேன். நோட்டீஸ் இரண்டு மாதம், பழையபடியே. நடுவில் மட்டும் ஒரு புது வரி: குடியிருப்பவர் தவிர வெளியாட்கள் யாரும் இரவில் தங்கக் கூடாது.

"இதுல நான் கையெழுத்து போட மாட்டேண்ணே."

"போடலன்னா எழுத்துலயே நோட்டீஸ் தரேன். ரெண்டு மாசம். நீ கேட்ட மாதிரியே."

முறைப்படிதான் பேசினார். பொன்னாயி குழந்தையோடு உள்ளே படுத்திருக்கிறாள். இந்த மாதிரி இன்னொரு வீடு எனக்கு எங்கே கிடைக்கும்? மலைக்காரி என்றாலே யோசிப்பார்கள். ஆனாலும் அந்த வரிக்குக் கீழே என் பெயரா?

"குடுங்கண்ணே. வாங்கிக்கிறேன்" என்றேன்.

அக்கா கையெழுத்து முதலில் விழுந்துவிட்டால் நான் வழிக்கு வருவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பத்திரத்தை அக்கா பக்கம் திருப்பினார். வீடு அக்கா பெயரில்தான் இருக்கிறது. அண்ணன் விரல் வைக்கிற இடத்தில் அக்கா கையெழுத்துப் போடுவார், இத்தனை வருஷமாக அப்படித்தானாம். "இங்க போடு" என்று காட்டினார்.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இருங்க. படிச்சிட்டுப் போடறேன்."

முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அண்ணன் கால் மாற்றி நின்றார். அந்த வரி வந்தது.

"வெளியாளுன்னா யாருங்க? உள்ள படுத்துக்கினு இருக்குதே, அந்தக் கொழந்தையா?"

அக்கா அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து. பேனாவை என்னிடம் நீட்டினார்.

2 செப்டம்பர், செவ்வாய்

வெள்ளிமலையிலிருந்து குஞ்சம்மாள் அத்தை கண் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறார், துணைக்கு இரண்டு பேர். மாடியிலிருந்து ராஜாங்கம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"எத்தினி நாளு?"

"கண்ணுக் கட்டு அவுக்கற வரைக்கும்ணே."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டேன்.