மூன்று ஞாயிறு உருண்டைக் கறி

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
25 ஜனவரி 1938, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பவுலின் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அல்சூர் ஏரிப் பக்கத்துப் பனியில் விடியற்காலை நடக்க வேண்டாம் என்றால் கேட்கமாட்டீர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் குல்குல் தட்டை ஓஸ்வால்ட் மாஸ்டர் வீட்டுக்கு முதலில் அனுப்பிவிட்டேன் என்று கோபம். அந்தத் தெருவழியாகப் போனவளிடம் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான். ஒரு தட்டுப் பலகாரத்துக்காக இரண்டு வருஷமா, அண்ணா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வாருங்கள். உருண்டைக் கறி செய்யப் போகிறேன். எனக்கு வலது தோளில் வலி, கறி கொத்த முடியவில்லை. ரசல் மார்க்கெட்டில் மெஷினில் அரைத்துத் தருகிறார்கள். அது கூழாகிவிடும், உருண்டை நிற்காது என்று சொல்கிறவர் நீங்கள்தானே. இரண்டு கத்தியை வைத்துக்கொண்டு நீங்கள் கொத்துகிற மாதிரி இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது.

ஆகையால் ஆறு மணி பூசை முடிந்ததும் நேரே ஜட்கா வண்டி பிடித்து வந்துவிடுங்கள். வழக்கம்போல எட்டு மணி பூசைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு சாமியாரின் தமிழில் பிழை பொறுக்கிக்கொண்டிருந்தால் கறி வேக மூன்று மணியாகிவிடும். சாமியாரின் பிழைகள் எங்கும் ஓடிப்போகாது.

எங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மகள் மௌரீன் அன்றைக்கு வீட்டில் இருக்கமாட்டாள். ஞாயிறு முழுக்கக் கான்வென்ட் போர்டிங் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அவளை எதிரில் பார்க்க நேருமோ என்று தயங்க வேண்டாம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பவுலின்


அல்சூர்
31 ஜனவரி 1938, திங்கள்

அன்புள்ள பவுலின்,

நேற்று நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன்.

குழம்பைப் பற்றிச் சிலது சொல்ல வேண்டும். வெங்காயம் பொன்னிறமானதும் நீ அவசரப்பட்டு மசாலாவைப் போட்டுவிட்டாய். கருகுவதற்கு ஒரு நிமிஷம் முன்பு வரை வதக்கினால்தான் அந்த இனிப்பும் நிறமும் இறங்கும். உருண்டைகளைப் போட்டபின் கரண்டியால் துழாவினாய். நான் எத்தனை முறை சொல்வது? சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து மெல்ல உலுக்க வேண்டும். மூன்று உருண்டை உடைந்தது உன்னால்தான். நான் கொத்தியதில் குறை இல்லை.

எட்டு உருண்டை சாப்பிட்டேன். இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாதே, பசி.

உன் அண்ணி போய் ஏழு வருஷம்; மகளும் போனபின் மேஜையில் ஒரே தட்டு வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டேன். நேற்று உன் வீட்டுக்காரன் டெஸ்மண்ட் பனியனோடு உட்கார்ந்து ரயில் கார்டு உத்தியோகத்துக் கதையெல்லாம் சொல்ல, நீ கேட்காமலே என் தட்டில் குழம்பு ஊற்ற, வீட்டுக்கு வந்தபின் இங்கே கடிகாரச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மௌரீன் பேச்சை மூன்று தரம் எடுத்தாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அவள் டொமினிக்கைத்தான் கட்டுவேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பையனிடம் எனக்குக் குற்றமில்லை. அவன் ஓஸ்வால்டின் மகன். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஓஸ்வால்ட் என் வீட்டில், என் மேஜையில், உன் அண்ணி கையால் சாப்பிட்டுக்கொண்டே நான் பள்ளி நிர்வாகத்தைக் குறைசொன்னதைக் கேட்டான். மறுநாள் மேனேஜர் சாமியாரிடம் அதை ஒப்பித்தான். எனக்கு வரவேண்டிய ஹெட்மாஸ்டர் நாற்காலியில் இன்று அவன் உட்கார்ந்திருக்கிறான். தினமும் அவனுக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் நான் வகுப்புக்குப் போகிறேன். அவனைச் சம்பந்தி என்று என்னால் அழைக்க முடியாது.

இனி இந்தப் பேச்சு வேண்டாம். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னாய். வருகிறேன்.

அன்புடன்,
ரெமிஜியஸ்


ஆஸ்டின் டவுன்
8 பிப்ரவரி 1938, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று முன்தினம் குழம்பில் ஒரு உருண்டைகூட உடையவில்லை, கவனித்தீர்களா? காதைப் பிடித்துத்தான் உலுக்கினேன். அவர் சொல்கிறார்: “உங்க அண்ணன் வந்தா வீட்டுல பள்ளிக்கூடம் நடக்குது. ஆனா சோறு நல்லாயிருக்கு, வரட்டும்.”

இந்த ஞாயிறும் கட்டாயம் வாருங்கள். கசாப்புக் கடை பாயிடம் தொடைக்கறிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் நீங்கள் கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்து தாமதமாகிவிட்டது. இந்த முறை யாரிடமும் நிற்காமல் வாருங்கள். இந்த ஒரு ஞாயிறு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

நீங்கள் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாயிற்று, அண்ணா. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பவுலின்


அல்சூர்
15 பிப்ரவரி 1938, செவ்வாய்

பவுலின்,

நேற்று மாலை பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி அம்மாள் வாசலில் நின்று, “என்ன சார், பொண்ணுக்குக் கல்யாணமாமே? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? அடுத்த புதன்கிழமைன்னு பால்காரி சொல்றா” என்றார்.

தப்பான சேதி என்றேன்.

“தப்பா? உங்க கோவில்ல மூணு வாரமா பேரைப் படிச்சாளாமே. அப்படின்னா என்ன சார்?”

அவருக்கு நான் விளக்கினேன். எங்களில் ஒரு கல்யாணம் என்றால் பெண், பிள்ளை, பெற்றோர் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். தடை அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். ஒருவரும் எழாவிட்டால் கல்யாணம் நடக்கும். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். தமிழ் ஆசிரியன் அல்லவா, தெளிவாகத்தான் விளக்கினேன். விளக்கி முடித்தபோதுதான் அது எந்த மூன்று ஞாயிறு என்று எனக்கு விளங்கியது. நம் கோவிலுக்குள் ஒருநாளும் கால் வைத்திராத அந்த அம்மாளுக்கு, என் மகள் கல்யாணம் எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நேரே சாமியாரிடம் போனேன். “நீர் எழுந்து நிற்பீர் என்று பயந்தேன், மாஸ்டர். நீர் வரவே இல்லை. அது உமது புத்தி என்று சந்தோஷப்பட்டேன்” என்றார். என் புத்தியாம்.

எட்டு மணி பூசையில்தான் ஓலை வாசிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். முதல் ஞாயிறு எட்டரை மணிக்கு உன் சமையலறையில் உட்கார்ந்து கறி கொத்திக்கொண்டிருந்தேன். நீ கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாய். குழம்புக்கு நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் ஞாயிறு, பிரசங்கத்துக்காவது திரும்பிப் போகிறேன் என்று எழுந்தேன். ஒரு கூடை சின்ன வெங்காயத்தை என் மடியில் வைத்தாய். கண்ணீர் வழிய உரித்தேன். “மச்சான், வகுப்புல பசங்களை அழவெச்சதுக்கெல்லாம் சேர்த்து இன்னிக்கு அழுறீங்க” என்று டெஸ்மண்ட் சொல்ல, நானும் சிரித்தேன். சிரித்தேன், பவுலின். அந்த நேரத்தில் அல்சூரில் என் பெயரும் ஓஸ்வால்டின் பெயரும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் ஞாயிறு நீயே என் கையைக் கழுவிவிட்டு முதல் உருண்டையை என் தட்டில் வைத்தாய்.

டெஸ்மண்டுக்குத் தெரியுமா? கறி கொடுத்த பாய்க்குத் தெரியுமா? ஊரில் தெரியாதவர் யார்?

ஓஸ்வால்ட் என் மேஜையில் சாப்பிட்டுவிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தான். நீ உன் மேஜையில் எனக்குச் சாப்பாடு போட்டுக் காட்டிக்கொடுத்தாய். அவனாவது அந்நியன்.

ஓலை முடிந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதே. புதன்கிழமை காலை கோவில் வாசலில் நான் நிற்பேன். சொல்லவேண்டியதை எல்லார் காதிலும் விழச் சொல்வேன்.

ரெமிஜியஸ்


ஆஸ்டின் டவுன்
17 பிப்ரவரி 1938, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மௌரீனுக்குத் தெரியாது. நீங்கள் இங்கே வந்ததே அவளுக்குத் தெரியாது. பாவம் முழுக்க என்னுடையது.

ஏன் செய்தேன் என்று மட்டும் கேளுங்கள். போன வருஷம் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்று, “சாமி, அது அப்படி அல்ல” என்று சாமியாரைத் திருத்தினீர்கள். கோவிலே திரும்பிப் பார்த்தது. எழுவாய் பயனிலைக்கு எழுந்தவர் ஓஸ்வால்டின் பெயருக்கு உட்கார்ந்திருப்பாரா? உண்மையில் தடை ஏதும் இல்லை. அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஓலை வாசிக்காமலே கல்யாணத்தை நடத்திக் கொடுங்கள் என்று சாமியாரிடம் கெஞ்சினேன், முடியாது என்றார். தகப்பன் எழுந்து நின்று கத்திய பெண் என்ற பெயரோடு அவள் இந்தக் கண்டோன்மெண்டில் எப்படி நடமாடுவாள்? மறுநாள் நீங்களே வருந்தி இருபது வருஷம் வாய் திறக்காமல் இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு உங்களைத் தடுத்துவைக்கத்தான் கூப்பிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, “பலகையைக் கொண்டா, பவுலின்” என்று கேட்டதிலிருந்து நான் வேஷம் போடவில்லை. நீங்கள் சாப்பிட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது பொய்யில்லை. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் முடிய வேண்டும், அதனால்தான் புதன்கிழமை. கோவிலுக்குப் புறப்படுமுன் பெண் தகப்பன் காலடியில் முழங்காலிட வேண்டும், அவர் அவள் நெற்றியில் சிலுவை வரைய வேண்டும். அவளுக்குத் தாயும் இல்லை. யார் முன்னால் அவள் முழங்காலிடுவது? என்னை என்னவேண்டுமானாலும் செய்யுங்கள், அண்ணா. வாசலில் நின்று அவளை அவமானப்படுத்தாதீர்கள்.

பவுலின்


அல்சூர்
21 பிப்ரவரி 1938, திங்கள்

திருமதி டெஸ்மண்ட் அவர்களுக்கு,

சனிக்கிழமை மாலை மௌரீன் வந்தாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. கதவைத் தட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் விளக்கேற்ற எழுந்தபோதுதான் பார்த்தேன். இளைத்திருக்கிறாள்.

சொல்லவேண்டியதை நான் மனதில் கோத்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

“அப்பா, மூணு வாரமும் வாசிச்சாங்க. எட்டு மணி பூசைக்கு நீங்க கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருப்பீங்கன்னு தெரியும். போர்டிங்ல பிள்ளைங்களோட முழங்கால்ல நின்னுட்டு, இப்ப எழுந்திருப்பாரு, இப்ப எழுந்திருப்பாருன்னு நடுங்கிட்டே இருந்தேன். நீங்க எழுந்திருக்கவே இல்ல. டொமினிக்கும் வெட்கப்பட்டு அந்தப் பூசைக்குப் போகல. அவர்கிட்ட சொன்னேன், எங்கப்பாவுக்குச் சரின்னு வாயால சொல்ல வராது, இப்படித்தான் சொல்வாருன்னு.”

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “சாமி வாசிச்சதுல எத்தனை தப்பு, அப்பா?”

நான் அங்கே இல்லையடி, உன் அத்தை வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாய் திறந்தேன்.

“ஒரு தப்புமில்ல. நல்லாத்தான் வாசிச்சார்” என்றேன்.

அவள் சமையலறைக்குள் போய்க் காப்பி போட்டாள். பொருள்கள் எல்லாம் அவள் வைத்துப் போன இடத்திலேயே இருந்தன. இனி இங்கேயே தங்கி, புதன்கிழமை இந்த வீட்டிலிருந்தே புறப்படச் சொல்லிவிட்டேன். சிலுவை வரைவேன். கோவிலில் ஓஸ்வால்டுக்கு வழக்கமான குட்மார்னிங்கைச் சொல்வேன். அதற்குமேல் அவன் எதிர்பார்க்கமாட்டான்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சுபமாக முடிந்தது, நான் செய்ததும் நல்லதுக்கே ஆயிற்று என்று நீ சொல்லிக்கொள்ளாதே. மௌரீன் என் முகத்துக்கு நேரே என்னை எதிர்த்தாள். எதிர்த்தவளோடு சமாதானமாகலாம். ஓலை வாசிக்கும்போது அங்கே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது இனி எனக்கே தெரியாது. பாழாய்ப்போன கோபத்தால் எழுந்திருப்பேனோ, கடைசி நொடியில் உட்கார்ந்திருப்பேனோ. நான் உட்கார்ந்தே இருந்திருந்தால் அது நான் அவளுக்குக் கொடுத்ததாக இருந்திருக்கும். அதை எனக்கு மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டாய். இனி என் ஆயுள் முழுவதும் நான் செய்யாத ஒரு காரியத்துக்காக என் மகள் என்னை நேசிப்பாள். நான் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நீ சந்தோஷப்பட்டது பொய்யில்லை என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். எந்தக் கவளம் அன்பு, எந்தக் கவளம் சூழ்ச்சி என்று பிரித்துச் சாப்பிட எனக்குத் தெரியாது.

புதன்கிழமை டெஸ்மண்ட் இங்கே வரட்டும், அவனிடம் எனக்கு மனத்தாங்கல் குறைவு. கோவில் எல்லாருக்கும் பொது, அங்கே நீ வருவதைத் தடுக்க நான் யார்? என் வீட்டுப் படியை மட்டும் மிதிக்காதே. அன்றைக்கும் வேண்டாம், பிறகும் வேண்டாம். உன் வீட்டுக்கு நானும் வரமாட்டேன்.

ஆனால் அத்தை எங்கே என்று மௌரீன் கேட்பாள். பதினான்கு மாதம் அவளுக்குத் தாயாக இருந்தவள் நீ, அதை நான் மறுக்கவில்லை. நான் தடுத்தேன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. கல்யாண நாளில் அவள் அழக்கூடாது. ஆகவே செவ்வாய்க்கிழமைத் தபாலிலேயே அவளுக்கு ஒரு கடிதம் எழுதிவிடு. தோள்வலி என்றோ, காய்ச்சல் என்றோ, எது பொருந்துமோ அதை எழுது. அன்பாக எழுது.

நீ எழுதினால் நம்புவாள். நானும் நம்பினேன்.

ச. ரெமிஜியஸ், பி.ஏ., எல்.டி.