அவன் உடைக்காத படம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, இது இடது கை. வலது கையில் மூன்று விரல்கள் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது.

மாடிப்படியில் விழுந்தேன் என்று போனில் சொன்னது பொய். எனக்குப் பொய் சரியாக வராது. கீழ்வீட்டுத் தையல்காரர்கூட, "அந்த மாடிப்படிக்கு உங்க மேல அப்படி என்ன சார் கோபம்?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வந்தது உன் அண்ணன். வீட்டை அம்மா உன் பெயருக்கு எழுதிவைத்தது அவனுக்கு என்னால்தான் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் நூலகத்தில் எந்தப் புத்தகம் எங்கே என்று கார்டு எழுதிய பழக்கத்தில் வீட்டுக் காகிதங்களுக்கும் கார்டு எழுதி வைத்திருக்கிறேனே, உயிலுக்கும் ஒன்று போட்டிருந்தேன். "உயில், அம்மாவுடையது, வீடு மகளுக்கு. இரும்பு பீரோ, நடுத்தட்டு, நீலக் கோப்பு." ஒளித்து வைத்துவிட்டு வழியும் எழுதி வைத்தவன் உன் அப்பா.

நீலக் கோப்பு காலியாக இருந்தது. எங்கே போயிற்று என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். "ஊசி வச்ச இடத்துக்கே கார்டு எழுதுற ஆளு, உயில் எங்கன்னு தெரியாதா?" என்று என் கையை பீரோக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். மறுபடி கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். மறுபடி சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் மிகச் சிறியது, பென்சில் ஒடிவதுபோல.

பிறகு கடப்பாரையை எடுத்தான். பீரோவின் முதுகைப் பிளந்தான், மெத்தைகளைக் கத்தியால் கிழித்தான், சுவர்களை இடித்தான். கத்தி கொஞ்ச நேரம் என் கழுத்திலும் இருந்தது. "ஞாயித்துக்கிழம வருவேன். எடுத்து வைக்கல, அம்மா போன இடத்துக்கே உன்னையும் அனுப்பிடுவேன்" என்றான். அந்தச் சமயத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சரி தம்பி என்றேன்.

மறுநாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், உடைந்தவற்றுக்குப் பட்டியல் போட்டேன். அறை அறையாக எழுதினேன். கூடத்துக்கு வந்தபோது பட்டியலில் சேராமல் ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. ஒன்பது வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து, முன்பல் இரண்டும் இல்லாமல் கோப்பையோடு அவன் சிரிக்கிற படம். சுற்றிலும் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. படம் மட்டும் நேராகத் தொங்கியது.

கழற்றிப் பின்னட்டையைப் பிரித்தேன். உயில் அங்கே இருந்தது. கூடவே அம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "இதுக்குக் கார்டு எழுதாதீங்க." நாற்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா. ஆனால் அவனை நம்பி அங்கே வைத்தாளா, அவனை அறிந்து வைத்தாளா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உயிலை இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்கு நகல் கிடையாது, பதிவும் செய்யவில்லை. அம்மா இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும், நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கிடைத்த அன்றே ஒரு வக்கீலிடம் கொடுத்துவிடு. தையல்காரர் இன்றே பதிவுத் தபாலில் சேர்க்கிறார். ஞாயிறன்று தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறார், போலீசுக்கும் போகச் சொல்கிறார். பெற்ற பிள்ளைமேல் புகார் எழுத இடது கை இன்னும் பழகவில்லை.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

உயிலை எங்கே வைத்தாய் என்று எனக்கு எழுதாதே. நான் போனில் கேட்டாலும் சொல்லாதே. அழுதுகொண்டு கேட்டாலும் சொல்லாதே அம்மா. அவன் என் பக்கத்தில் நிற்கிறான் என்று புரிந்துகொண்டு போனை வைத்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். வேறு மாதிரி வாழ்த்த எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா